பரம்பில் பக்கெட் மோதும்போது: பொருநைக்கரைத் தாழிக்காடுகள்

திங்கள் – ஆதிச்சநல்லூர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டி சுமார் 24 கி.மீ. வந்தால் ஆதிச்சநல்லூர். சின்ன ஊர், எல்லா பஸ்ஸும் நிற்காது. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்குள் வந்து இறங்கிவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் இந்தச் சரளில் காலே வைக்க முடியாது, தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் இல்லாமல் வரவே வேண்டாம்.

இறங்கியதும் ரோட்டின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். ஆற்றை ஒட்டிய பக்கம் வாழையும் நெல்லும், மருதூர் மேலக்கால் தண்ணீர் பாயும் மண். மேட்டுப் பக்கம் உடைமரமும் பனையும் நிற்கிற, ஒரு போகம்கூட விளையாத சரள். ஊர்க்காரர்கள் பரம்பு என்பது இதைத்தான். பொருநை, அதாவது தாமிரபரணிக் கரையில் வாழ்ந்தவர்கள் விளைகிற நிலத்தில் ஒரு சாண்கூட இறந்தவர்களுக்கு ஒதுக்கவில்லை. வெள்ளம் ஏறாத, ஏர் போகாத மேட்டைத் தேர்ந்தெடுத்து அங்கே இறந்தவர்களை வைத்த பெரிய மண்பானைகளான தாழிகளை இறக்கினார்கள். அந்தத் தேர்வுதான் மூவாயிரம் வருஷம் தாழிகளைக் காப்பாற்றியது. இன்றைக்கு அவை அழிவதும் அதே தேர்வால்தான். ரோடு போட, வீட்டுக்குத் தரை நிரப்ப, பாலத்துக்கு அணைமண் கொட்ட நமக்கு வேண்டியதும் இந்தச் சரள்தான். தென் மாவட்டங்களில் கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் தாழி தென்படும்போதெல்லாம் ‘தற்செயலாக’ என்று செய்தி போடுகிறார்கள். இதில் தற்செயல் எதுவும் இல்லை. சரள் மேடு என்றால் தாழி இருக்கக்கூடும் என்று எண்ணித்தான் ஜேசிபியை இறக்க வேண்டும்.

1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் இங்கே தோண்டி, கிடைத்ததைக் கப்பலேற்றினார். 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரியா முறையாக அகழ்ந்தார். நடுவில் 1903–04-இல் பிரான்சைச் சேர்ந்த லூயி லாப்பிக் வந்து, அவர் பங்குக்கு பாரிஸ் கொண்டுபோனார். மேட்டின் பரப்பு சுமார் 114 ஏக்கர். ரியா வருவதற்கு முன்பே ரோட்டுக்குச் சரள் வெட்டிய குழிகள் இங்கே விழுந்திருந்தன. அந்தக் குழிகளில் போன தாழிகளுக்குக் கணக்கே கிடையாது.

தோண்டாமலேயே தரையைப் படிக்க முடியும். கால்வாசி மணி நேரம் குனிந்து நடந்தால் போதும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள, கரகரப்பான சிவப்பு ஓடு, அதில் விரலால் அழுத்திய பட்டை ஓடியிருந்தால் அது தாழியின் ஓடு. மெல்லிய, வழவழப்பான, உள்பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு என்றிருந்தால் கறுப்பு-சிவப்புக் கலம், அதாவது தாழிக்குள்ளும் பக்கத்திலும் வைத்த கிண்ணம், தட்டு வகை. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பக்கம் கறுத்தது. மழை விட்ட இரண்டாம் நாள் வந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். குழி வெட்டி மூடிய இடத்து மண் சுற்றிலுமுள்ள சரளைவிட இளக்கம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். சுற்றிலும் காய்ந்து வெளுத்த பிறகும் அந்த வட்டம் மட்டும் கருத்து நிற்கும். புல்லும் அங்கேதான் முதலில் முளைக்கும்.

ஓடுகளைப் பாருங்கள், படம் எடுங்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இது மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட இடம். பையில் ஒரு ஓடு போட்டாலும் குற்றம்.

செவ்வாய் – அதே மேடு, கண்ணாடித் தரை

2020 பட்ஜெட்டில் நாட்டில் ஐந்து தொல்லியல் இடங்களில் தளத்திலேயே அருங்காட்சியகம் அமைப்பதாக அறிவித்தார்கள். அதில் ஆதிச்சநல்லூரும் ஒன்று, 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். அகழ்ந்த குழியை மூடாமல் மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். தாழி கிடந்த நிலையிலேயே கிடக்கிறது. வெயில் ஏறினால் கண்ணாடியில் எதிரொளி அடித்து உள்ளே ஒன்றும் தெரியாது, காலையில் பாருங்கள்.

பார்க்க வேண்டியது தாழியை மட்டுமல்ல, குழியின் சுவரையும்தான். 2004–05-இல் சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, சுமார் 600 சதுர மீட்டருக்குள் 160-க்கு மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. அவை ஒரே மட்டத்தில் இல்லை, மூன்று அடுக்குகளில் இருந்தன. கீழடுக்கில் பாறையையே வெட்டிக் குழி செய்து, அதில் தாழியை இறக்கியிருக்கிறார்கள். அது நிறைந்த பிறகு மேலே மண் போட்டு அடுத்த அடுக்கு. மேலடுக்கை எடுத்துவிட்டு ‘முடிந்தது’ என்று நிறுத்தினால் கீழே இருப்பவை அப்படியே தங்கிவிடும். கட்டட வேலையில் அடிக்கடி நடப்பது இதுதான். மேலே தெரிந்த ஒன்றிரண்டு தாழிகளை எடுத்துவிட்டு, இடத்தை ஒப்படைத்து, அடுத்த வாரம் தூண் குழி இன்னும் நான்கடி கீழே போகும்போது இரண்டாம் அடுக்கு உடைகிறது. இயற்கைப் பாறையோ, கலையாத சரளோ வந்துவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகே ஒரு குழியை முடிந்ததாகச் சொல்லலாம்.

ஒரு தாழியின் வெளியே மண்ணை ஒட்டிச் செய்த ஒரு பெண், பக்கத்தில் கொக்கு, மான், முதலை என்று உருவங்கள் இருந்தன. ஈமக்காட்டுக்கு வெளியே குடியிருப்புப் பகுதியில் குயவர் சூளையும் கிடைத்தது. இங்கேயே வனைந்து இங்கேயே சுட்டிருக்கிறார்கள்.

ரியா எடுத்தவை பெரும்பாலும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன: இரும்பு வாள், வேல், சூலம், வெண்கலத்தில் விலங்கு நிற்கும் மூடி, இரண்டு முனையிலும் துளையிட்ட தங்க நெற்றிப்பட்டம். 2021-இல் மறுபடி தொடங்கிய அகழாய்வில், 2022 ஆகஸ்டில், அதே மாதிரிப் பட்டம் ஒன்று திரும்பக் கிடைத்தது. எனக்குத் தங்கத்தைவிட வெண்கலக் கிண்ணங்கள்தான் பெரிது. சிலவற்றில் தகரம் ஏறக்குறைய 23 சதவீதம். அவ்வளவு தகரம் சேர்ந்த வெண்கலம் ஆறிய பின் தட்டினால் நொறுங்கிவிடும். செஞ்சூட்டில் வைத்துத் தட்டி, சூடு தணியும் முன் தண்ணீரில் முக்கினால்தான் மெல்லிசாக வரும். சூட்டைக் கண்ணின் நிறக்கணக்கில் பிடித்த கொல்லர்கள் இந்தக் கரையில் இருந்திருக்கிறார்கள்.

காலக்கணக்கு: 2004–05-இல் எடுத்த மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்த பிறகு 2019-இல் கி.மு. 905, கி.மு. 696 என்று முடிவு வெளியே வந்தது. தோண்டியதற்கும் தேதிக்கும் நடுவே பதினான்கு வருஷம்! அகழாய்வு வேலையில் பாதிகூட அல்ல தோண்டுவது.

புதன் – சிவகளை

ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டைப் பார்த்துவிட்டு ஆற்றைக் கடந்து வடகரைக்கு வர வேண்டும். சிவகளையிலும் அதே கதை: பரம்பு, சரள், பனை. பரம்பு தவிர வளப்பாளன்பிள்ளைத்திரடு, பராக்கிரமபாண்டித்திரடு, ஆவாரங்காடு, செக்கடி என்று சுற்றிலும் மேடுகள். திரடு என்று பெயர் இருந்தால் பழைய குடியிருப்பு மண் குவிந்த மேடு என்று எதிர்பார்க்கலாம். இந்தத் தடயங்களை முதலில் கவனித்துச் சொன்னவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். மாநிலத் தொல்லியல் துறை பிறகு வந்து அகழ்ந்தது.

இங்கே ஒரு தாழிக்குள் இருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வெளியான இரும்புத் தொன்மை அறிக்கையில் சிவகளைக் கரித்துண்டுகளின் காலம் கி.மு. 3345 வரை பின்னுக்குப் போகிறது. இரண்டு எண்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக்கூடாது. நெல் ஒரு வருஷப் பயிர். அது எந்த வருஷம் விளைந்ததோ, ஏறக்குறைய அந்த வருஷம்தான் தாழிக்குள் போயிருக்கும். கரி மரத்தின் கரி. நூறு வருஷ மரத்தின் நடுவயிரம் எரிந்திருந்தால் அது எரிந்த நாளைவிட நூறு வருஷம் பழைய தேதியைக் காட்டும். அதனால்தான் ஒரே குழியில் பல மாதிரிகள், பல ஆய்வகங்கள், மண்ணோட்டுக்கு ஒளிமுறை (கடைசியாகச் சூடோ வெளிச்சமோ பட்ட காலத்தைக் கணிக்கும் முறை) என்று தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். தேதி எவ்வளவு பின்னுக்குப் போகிறதோ அவ்வளவு அதிகமாகச் சோதிக்க வேண்டும், அதை மற்ற மேடுகளிலும் செய்து பார்க்க வேண்டும்.

ஆகவே வேலையிடத்தில் தாழி உடைந்தால் கொட்டிய மண்ணை அலட்சியமாக அள்ளக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நெல் அந்த மண்ணில் இருக்கும்.

வியாழன் – வேலையிடத்தில் தாழி வந்தால்

ஏரல் பக்கமாகத் திரும்பும் வழியெல்லாம் ரோட்டோரம் புதிதாக வெட்டிய பள்ளங்கள், வீட்டுக்கு வானம் (அஸ்திவாரம்) தோண்டிய குழிகள். இன்றைய பதிவு முழுவதும் அதைப் பற்றித்தான்.

ஜேசிபி பக்கெட்டின் பல் தாழியைத் தொட்டதும் சத்தம் மாறும். கல்லில் மோதினால் கணீர், தாழியில் மோதினால் மொக்கையான ஒரு ‘டொப்’. பள்ளத்தில் நிற்கிற ஆள் ‘அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க’ என்று கத்துவதற்குள் இரண்டாவது அள்ளல் போய்விடும். முதல் அள்ளலில் உடைவது வாயும் மூடியும், இரண்டாவதில் உள்ளே இருப்பது எல்லாம். ஆபரேட்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது ஒன்றுதான்: சரள் மேட்டில் வட்டமாகக் கருத்த மண்ணோ, கனமான சிவப்பு ஓடோ கண்டால் பக்கெட்டைத் தூக்கி, வண்டியைப் பின்னால் எடு. வண்டி தாழி வரிசைமேலேயே நிற்கக்கூடாது. ஏழெட்டு டன் எடை மேலே நின்றால் அடியில் காணாத தாழிகளும் நசுங்கும். ரியா பார்த்தபடி ஆதிச்சநல்லூரில் தாழிகளுக்கு இடையே சுமார் ஆறடிதான் தூரம். ஒன்று வந்தால் பக்கத்திலும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தகவல். கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் வழியாகக் கலெக்டருக்குப் போக வேண்டும். 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மண்ணில் கண்டெடுத்தவர் என்ன பொருள், எங்கே, எந்தத் தேதி என்று எழுத்து மூலமாகக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் அதே நேரத்தில் போனில் சொல்லிவிடுவது நல்லது, காகிதம் நகரும் வேகத்தை நம்ப முடியாது. இடமே போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் இரவோடு இரவாக மூடிவிடுகிறார்கள். மூடினால் தகவல் போகிறது, தாழி போகிறது, பிறகு தெரியவந்தால் வேலையும் நிற்கிறது. அன்றே சொன்னால், பெரும்பாலான இடங்களில் பதிவு செய்து எடுக்கிற வேலை நாள் கணக்கில் முடியக்கூடியது.

அலுவலர் வரும்வரை செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம், ஆனால் அதைத் தவறாமல் செய்ய வேண்டும். தாழியின் மேல் ஈரச் சாக்கு விரித்து, அதன்மேல் ஓலையோ தார்ப்பாயோ நிழலாகக் கட்டவும். மண்ணுக்குள் ஈரத்தோடு இருந்த ஓடு ஒரே மதிய வெயிலில் காய்ந்தால், உள்மண் ஒரு வேகத்திலும் ஓடு வேறு வேகத்திலும் சுருங்கி, கண்முன்னே வெடிக்கும். மழைக்காலம் என்றால் பள்ளத்துக்கு மேற்பக்கம் ஒரு முழத்துக்கு வரப்பு போட்டு தண்ணீரைத் திருப்பவும். இரவு ஒரு ஆள் காவல். தங்கம் இருக்கும் என்று கடப்பாரையோடு வருகிறவர்கள் ஒரே இரவில் செய்கிற சேதத்தை எந்த இயந்திரமும் செய்யாது. இத்தனைக்கும் பெரும்பாலான தாழிகளில் தங்கமே இல்லை.

அலுவலர்கள் வந்த பிறகு எடுக்கும் முறை. முதலில் 5 மீட்டர் கட்டங்களாக நூல் கட்டி, அதில் 4.5 மீட்டர் மட்டும் தோண்டி, அரை மீட்டரைச் சுவராக விட வேண்டும். மண்ணடுக்கு அந்தச் சுவரில்தான் எழுதியிருக்கிறது. அளவுகோலும் வடதிசை அம்பும் வைத்து, மேலிருந்தும் நான்கு பக்கத்திலிருந்தும் படம். பிறகு தாழியின் வெளியே குழியின் விளிம்பைத் தேடி, கரண்டியால் இளக்க மண்ணை மட்டும் எடுப்பது. வெளியே வைத்த சிறு கலங்கள், இரும்புக் கருவிகள் இந்த இளக்க மண்ணில்தான் சாய்ந்து கிடக்கும். அவசரக்காரர்கள் தவறவிடுவது இவற்றைத்தான்.

தாழியை முழுசாகத் தூக்க ஆசைப்படாதீர்கள். 75 சென்டிமீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம் என்றால் உள்ளே நிறைந்த மண் மட்டுமே ஏறக்குறைய 200 கிலோ. அடி பம்பரம் மாதிரி கூம்பியிருக்கும். கயிறு கட்டித் தூக்கினால் எடை முழுவதும் அந்தக் கூம்பில் இறங்கி, அடி கழன்று விழும். உள்மண்ணை முதலில் எடுக்க வேண்டும். பாதித் தாழியை மட்டும், ஐந்து ஐந்து சென்டிமீட்டராக. மறுபாதி நிற்கும்போது உள்ளே மண் எப்படி இறங்கியது, மூடி எப்போது உடைந்து விழுந்தது என்று வெட்டுமுகத்தில் படிக்கலாம். ஒவ்வொரு ஐந்து சென்டிமீட்டர் மண்ணும் தனிப் பை. பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ஒன்று நனைந்து அழிந்தால் மற்றது இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தபின், ஒரு பகுதியைத் தண்ணீர் டிரம்மில் கலக்கி, மிதந்து வருவதை மெல்லிய வலையில் பிடித்தால் நெல், தினை, கரி எல்லாம் மேலே வரும்.

எலும்பு வந்ததும் இரும்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூங்கில் குச்சிக்கும் மென்தூரிகைக்கும் மாற வேண்டும். மரபணுச் சோதனைக்குப் போகும் பல்லையும், உள்காதைச் சுற்றியுள்ள கெட்டி எலும்பையும் வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறை, முகக்கவசம், தொடுகிற ஆள் ஒரே ஒருவர். மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணுத் துறையினர் இந்தக் கரைத் தாழிகளைத் திறந்தது இப்படித்தான். எலும்பைக் கழுவக்கூடாது, நிழலில் ஆற வேண்டும். உதிர்கிறதே என்று உடனே பசை பூசினால் சோதனைக்கு ஆகாது. முதலில் மாதிரியை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசின். கரித்துண்டை இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும், பஞ்சில் சுற்றினால் பஞ்சின் கரியும் சேர்ந்துகொள்ளும். மண்ணின் ஒளிமுறைக் காலக்கணிப்புக்கு இரும்புக் குழாயைச் சுவரில் அடித்து, கறுப்புத் துணி போர்த்தி எடுப்பது. சூரியன் ஒரு நொடி பட்டாலும் அந்த மாதிரி வீண்.

காலியான தாழியின் வெடிப்புகளின்மேல் ஐந்து சென்டிமீட்டர் அகலக் காஸ் துணிப் (காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி) பட்டைகளை அதே பாராலாய்டு கரைசலில் நனைத்து ஒட்டி, காய்ந்தபின் உள்ளே மணல் பை வைத்து நிறுத்தி, பலகையைக் கீழே செருகி நான்கு பேர் தூக்க வேண்டும். இரும்பைத் தண்ணீரில் கழுவினால் ஒரு மாதத்தில் செதில் செதிலாக உரியும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்கவும். வெண்கலத்தில் இளம்பச்சைத் தூள் புள்ளி தெரிந்தால் அது உப்பு தின்கிற நோய், பக்கத்துப் பொருளோடு வைக்காமல் உடனே தனியே வறண்ட டப்பாவுக்கு மாற்றவும். கடற்காற்று அடிக்கிற ஊர்களில் இது சீக்கிரம் வரும்.

வெள்ளி – கொற்கை

ஏரலுக்குக் கிழக்கே பாண்டியரின் பழைய துறைமுகம் கொற்கை. கடல் இப்போது ஆறு, ஏழு கி.மீ. தள்ளிப் போய்விட்டது. வன்னி மரத்தையும் வெற்றிவேல் அம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு வாய்க்கால் கரையில் நடந்தால் சங்குத் துண்டுகள் தெரியும், அறுத்த சங்குகள். 1968–69-இல் அகழ்ந்தபோது கிடைத்த கரி கி.மு. 785 என்று வந்தது. 2021-இல் மறுபடி தோண்டியபோது செங்கல் கட்டுமானமும் துளையிட்ட சுடுமண் குழாய்களும் வந்தன. இங்கே பரம்பு கிடையாது, எல்லாம் ஆறு கொண்டு வந்த வண்டல். குழி கொஞ்சம் இறங்கியதும் ஊற்று வந்துவிடும். அகழாய்வுக்கு மழை இல்லாத மாதங்கள்தான் சரிப்படும்.

சனி – துலுக்கர்பட்டி

பொருநையை விட்டு தெற்கே, வள்ளியூர் பக்கம், நம்பியாற்றங்கரை. 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்த மேட்டுக்கு விளாங்காடு என்று பெயர். ‘புலி’ என்று தமிழியில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், கீறிய ஓடு இங்கே கிடைத்தது. இந்த மேடு குடியிருப்பு, ஆட்கள் வாழ்ந்த இடம். வெள்ளைக் கோடு தீட்டிய கறுப்பு-சிவப்பு ஓடுகள் கொட்டிக் கிடந்தன. கண்டவற்றை ரெட்டியார்பட்டியில் 13 ஏக்கரில் எழுப்பிய பொருநை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். திருநெல்வேலிக்குள் வருவதற்கு முன் மலையடியிலேயே இருக்கிறது.

இந்த மேட்டைப் பார்த்த பிறகு ஆதிச்சநல்லூரின் குறை நன்றாகத் தெரிகிறது. அங்கே ஈமக்காடு தெரியும், அத்தனை பேரும் குடியிருந்த ஊரில் பெரும்பகுதி இன்றைய வீடுகளுக்கும் வயல்களுக்கும் அடியில் இருக்கிறது. யாராவது வீடு கட்டும்போதுதான் அது திறக்கும். ஆற்றங்கரை ஊர்களில் வானம் தோண்டுகிறவர்களிடம் கேட்பது இவ்வளவே: குழி வெட்டியதும் ஒரு பக்கச் சுவரை மட்டும் ஒரே ஒரு நாள் கல் வைக்காமல் விடுங்கள். அந்தச் சுவரைக் கரண்டியால் சீவி, பக்கத்தில் அளவு நாடா தொங்கவிட்டு, காலை வெயில் நேராக விழாத நேரத்தில் நாலு படம் எடுத்துக் காப்பாட்சியருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் கான்கிரீட் போட்டுக்கொள்ளலாம்.